ஊழியம், பணிவிடை, திருத்தொண்டு: சொல் விளக்கம்

"அவர் ஊழியத்துக்கு வந்துட்டார்" என்று சபைகளில் சொன்னால், பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் பிரசங்கத்துக்கு வந்துவிட்டார் என்று பொருள். பக்கத்து வீட்டு நோயாளிக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோகும் அம்மாவை யாரும் ஊழியக்காரி என்பதில்லை. கேட்டால் அந்த அம்மாவே மறுப்பார். வேதாகமத்தில் இந்தச் சொல்லுக்கு அடியில் இருக்கும் கிரேக்கச் சொல்லோ அந்தக் கஞ்சிப் பாத்திரத்துக்குத்தான் அருகில் நிற்கிறது.

முதலில் தமிழ்ச் சொல். ஊழியம் என்றால் பிறருக்குக் கட்டுப்பட்டுச் செய்யும் வேலை. திருவிதாங்கூரில் அது அரசு ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலையின் பெயர். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்து யாழ்ப்பாணத்திலும் இதே பெயரில் கட்டாய உழைப்பு இருந்தது. தென் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக வேண்டுமென்று அந்த ஊழியத்திலிருந்து விலக்குப் பெற்றது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். விலக்கு வாங்கிக்கொண்டு போன ஆலயத்தில் ஊழியம் என்பது மேன்மையான சொல்லாக இருந்தது வேடிக்கைதான். கோயிலுக்கு வெளியே சொல் இன்னும் சாதாரணமாகவே புழங்குகிறது: தமிழ்நாட்டில் அரசு ஊழியர், இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி.

1871இல் முழுமையாக வெளிவந்த, இன்றும் பெரும்பாலான புரொட்டஸ்டன்ட் சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, பல கிரேக்கச் சொற்களுக்கு இந்த ஒரே சொல்லைப் போட்டது. 'டூலோஸ்' என்றால் அடிமை. ரோமர் 1:1இல் பவுல் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வது தமிழில் 'ஊழியக்காரன்'. 'டியாகோனோஸ்' என்றால் பந்தியில் பரிமாறுபவர், ஏவலாள். அதுவும் பல இடங்களில் ஊழியக்காரன்தான். ரோமர் 13:4இல் நாடாளும் அதிகாரியே 'தேவ ஊழியக்காரன்'. இரண்டு வசனம் தள்ளி வரி வாங்குகிறவர்களுக்கும் அதே பட்டம். அந்தக் கணக்கில் தாசில்தாரும் தேவ ஊழியர். எந்த ஊழியர் மாநாட்டிலும் அவருக்கு நாற்காலி போட்டதாகத் தெரியவில்லை.

நமக்கு வேண்டியது 'டியாகோனியா', அதாவது டியாகோனோஸ் செய்யும் வேலை. அதே மொழிபெயர்ப்பு இதை இடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டே போகிறது. காய்ச்சல் நீங்கிய பேதுருவின் மாமி எழுந்து செய்தது 'பணிவிடை'. கானா ஊர்க் கலியாணத்தில் தண்ணீர் நிரப்பியவர்கள் 'வேலைக்காரர்'. எருசலேம் ஏழைகளுக்குத் திரட்டிய பணம் 'தர்ம சகாயம்'. ரோமர் 16:1இல் வரும் பெபேயாள் என்ற பெண் 'ஊழியக்காரி'. சபையில் பொறுப்பேற்ற ஆண்கள் 'உதவிக்காரர்'. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. தமிழில் மட்டும் படிக்கிறவருக்கு அது தெரிய வழியில்லை.

இதன் விளைவு நன்றாகத் தெரிவது அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில். கிரேக்க மொழி பேசிய யூத விதவைகளுக்குத் தினசரி உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப்போகிறது, முறையீடு எழுகிறது. பரிமாறுவதற்கும் வசனம் போதிப்பதற்கும் மூலத்தில் டியாகோனியா என்ற ஒரே சொல் குடும்பம். பழைய மொழிபெயர்ப்பிலோ முதலாவது 'விசாரணை', இரண்டாவது 'ஊழியம்'. சோறு ஒரு பக்கம், ஊழியம் மறுபக்கம் என்று சொல்லிலேயே கோடு விழுந்துவிட்டது. 1995இல் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்டுகளும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் இரண்டுக்கும் 'பணி' என்று போட்டு இதைச் சரிசெய்தது.

அந்த அதிகாரத்தில் வேலை நடந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். முறையிட்டவர்களை அப்போஸ்தலர்கள் கடிந்துகொள்ளவில்லை. எண்ணிக்கை முடிவு செய்தார்கள், ஏழு பேர். நற்சாட்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று தகுதி சொன்னார்கள். தேர்வைச் சபையிடம் விட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்குமே கிரேக்கப் பெயர்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. விடுபட்டவர்களின் மொழி தெரிந்தவர்கள் கையிலேயே பங்கீட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. இன்றைய உதவிக் குழுக்கள் பல தடுக்கி விழுவது இங்கேதான். பட்டியல் போடுகிறவருக்கு எந்தத் தெரு தெரியுமோ அந்தத் தெருவுக்கே அரிசி போகும்.

எபேசியர் 4:12இல் சிக்கல் வேறு மாதிரி. மூலத்தில் இருப்பது வெறும் 'டியாகோனியாவின் வேலை'. பழைய மொழிபெயர்ப்பு 'சுவிசேஷ ஊழியத்தின் வேலை' என்று ஒரு சொல்லைக் கூட்டியதோடு, அதைப் பரிசுத்தவான்களின், அதாவது விசுவாசிகளின், வேலையாக அல்லாமல் தனி நோக்கமாகவும் பிரித்துவிட்டது. மேய்ப்பரும் போதகரும் இருப்பது விசுவாசிகளைத் தொண்டுக்கு ஆயத்தப்படுத்தவே என்று வாசித்தால், ஊழியம் செய்யவேண்டியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் (குருக்களோ துறவியரோ அல்லாத விசுவாசிகளின்) பணிக்கென்றே தனி ஆணை வெளியிட்டது.

சரி, எந்தச் சொல்லைப் பிடிப்பது? தொண்டு அழகான சொல். திருத்தொண்டர் என்பது சைவத்தில் நாயன்மார்களைக் குறித்து வழங்கி, இன்று கத்தோலிக்கரிடம் டீக்கனுக்கு (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளருக்கு) பெயராகவும் இருக்கிறது. ஆனால் பேச்சில் தொண்டர் என்றதும் கட்சிக்கொடி நினைவுக்கு வரும், தொண்டு என்றதும் நிறுவனம். சேவை வங்கிக்கும் செல்போனுக்கும் போய்விட்டது. அன்றாடக் காரியத்துக்குப் பணிவிடையே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், கை வேலை செய்ய வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. சபைப் பொறுப்புக்கு ஊழியம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பணிவிடை என்ற சொல்லை ஏற்றால் செய்முறையும் மாறும். பந்தியில் பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துப் பரிமாறுவார், வாளியைப் பார்த்து அல்ல. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் யாரும் சொல்லப்போவதில்லை. "வியாழக்கிழமை டயாலிசிஸுக்குத் துணைக்கு நான் வரேன்" என்றால் அது உதவி. ஒரு முறைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம், வாரத்துக்கு 2 அல்லது 3 முறை. ஒரே மகள் எல்லா நாளும் லீவு போட முடியாது. அந்த நோயாளிக்கு இளநீரும் வாழைப்பழமும் வாங்கிப்போவது ஆபத்து. பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றாததால் இதயத் துடிப்பே தடுமாறலாம். என்ன சாப்பிடலாம் என்று வீட்டாரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

துக்க வீட்டுக்கு முதல் மூன்று நாள் சாப்பாடு குவியும், மூன்றாம் வாரம் எட்டிப்பார்க்க ஆள் இருக்காது. நாள் பிரித்துக்கொண்டு பாதிப் பேர் பிந்திப் போகலாம். இந்தியாவில் இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், ஓராண்டு கடந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை அலைச்சல். பென்ஷனுக்கும் வங்கிக் கணக்குக்கும் அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை. படிவம் நிரப்பத் தெரிந்தவர் ஒரு காலைப்பொழுதைக் கொடுத்தால் போதும்.

நோயாளியைப் பார்க்கப் போனால் பதினைந்து நிமிடம் போதும். கட்டிலில் உட்காராமல் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு, மெதுவான குரலில், சுருக்கமாக ஜெபியுங்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலிலும் நோயாளி இருக்கிறார். எந்தப் பாவத்தால் இந்த நோய் வந்தது என்று ஆராய்வது உங்கள் வேலையல்ல. வெளியே வந்ததும் பெயரையும் நோயையும் ஜெபக்குறிப்பு என்று வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள் உண்டு. பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீடாக இருந்தால் அந்த ஒரு செய்தியே சம்பந்தத்தைக் கெடுத்துவிடும். சம்மதம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 'ஒரு சகோதரியின் சுகத்துக்காக' என்று மட்டும் போடுங்கள்.