ஆல்கெமி: ரசவாதமா, வேதையா?

‘ஆல்கெமி’ என்பதற்கு அகராதிகள் தரும் தமிழ் ‘இரசவாதம்’. ஈயத்தையும் செம்பையும் பொன்னாக்கும் வித்தை என்று ஒரு வரி விளக்கமும் கூடவே வரும். சொல் சரிதான். அந்த விளக்கத்தில்தான் பாதிப் பொருள் தொலைந்துபோகிறது.

அரபு மொழியில் இது ‘அல்-கீமியா’. ‘அல்’ என்பது அம்மொழியில் பெயருக்கு முன்னால் வரும் சுட்டு. ‘கீமியா’ கிரேக்கத்திலிருந்து வந்தது. அதற்கும் முந்திய மூலம் எது என்பதில் இரண்டு கட்சி உண்டு. உலோகத்தை உருக்கி வார்த்தலைக் குறித்த கிரேக்கச் சொல் என்பார் சிலர். கரிய மண் என்ற பொருளில் எகிப்தியர் தம் நாட்டுக்கு வைத்த ‘கெமெத்’ என்ற பெயர் என்பார் வேறு சிலர். 12ஆம் நூற்றாண்டில் அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள் சுட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் ‘அல்’ உதிர்ந்து எஞ்சியதுதான் கெமிஸ்ட்ரி.

17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்களோடு, பைபிளுக்குப் பக்கத்திலேயே, இந்த வித்தையும் கப்பலேறியது. 1631இல் மாசசூசெட்ஸ் வந்திறங்கி, பிறகு கனெக்டிகட் ஆளுநரான இளைய ஜான் வின்த்ரோப் ரசவாத நூல்களைத் தேடிச் சேர்த்தவர். இரும்பு உருக்காலைக்கு முனைந்தவர். ‘ரூபிலா’ என்ற செந்நிறத் தூளை நோயாளிகளுக்குக் கொடுத்தவர். ‘வாதி கெட்டு வைத்தியன் ஆனான்’ என்பது நம் பழமொழி; வாதி என்றால் ரசவாதி. இவர் கெடாமலே இரண்டையும் செய்தார்! ஹார்வர்டில் படித்த ஜார்ஜ் ஸ்டார்க்கி லண்டனுக்குப் போய்ப் புனைபெயரில் எழுதிய ரசவாத நூல்களை நியூட்டனே ஊன்றிப் படித்தார்.

இவர்களைவிட விசித்திரமானவர் யோகானஸ் கெல்பியஸ். 1694இல் ஏறத்தாழ 40 பேருடன் வந்து, பிலடெல்பியாவை ஒட்டிய விசாகிக்கன் ஓடைக்கரைக் காட்டில் தங்கினார். தொலைநோக்கியில் வானத்துக் குறிகளைப் பார்த்தபடி உலகமுடிவுக்குக் காத்திருந்த கூட்டம் அது. யாக்கோப் பேமெ என்ற ஜெர்மானியச் செருப்புத் தொழிலாளியின் எழுத்துகளில் ஊறியவர்கள். பேமெயின் உலையில் புடமாவது மனித ஆன்மா. தொட்ட உலோகத்தைப் பொன்னாக்கும் என்று நம்பி ரசவாதிகள் தேடிய கல், அவருக்குக் கிறிஸ்துவே. கெல்பியஸ் சாகும் தறுவாயில் தன்னிடமிருந்த அந்தக் கல்லை ஆற்றில் எறியச் சொன்னார் என்று ஒரு கதை இன்றும் அங்கே வழங்குகிறது.

ஆன்மாவைப் புடமிடும் இந்தப் பொருள்தான் அகராதி விட்டுவிட்ட பாதி. இதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. ‘ரசவாத’த்தில் உள்ள ரசம் பாதரசம், வடசொல்; வாதம் அதைக் கொண்டு செய்யும் வித்தை, மூட்டுவலி வாதமல்ல. ஓர் உலோகம் வேறொன்றாவதைச் சித்தர் மரபு ‘வேதை’, ‘வேதித்தல்’ என்றது. தொட்டு மாற்றும் பொருளான ‘பரிசன வேதி’ தொட்டதெல்லாம் பொன்னாவதுபோல, குரு தொட்ட உலகம் மும்மலம் தீர்ந்து சிவகதி அடையும் என்கிறது திருமந்திரம். கெல்பியஸிடம் இந்தப் பாட்டைச் சொல்லியிருந்தால் உரை கேட்டிருக்கமாட்டார்.

ஆகவே கலைக்கு ரசவாதம், மாற்றத்துக்கு வேதித்தல். அந்தக் கல்லைத் ‘தத்துவஞானியின் கல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்கள் ‘பரிசன வேதி’யை ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ‘வேதியியல்’கூட இந்த வேதித்தலின் வழிவந்ததுதான், இலங்கையில் சொல்லும் ‘இரசாயனவியல்’ என்பதிலோ பழைய ரசம் அப்படியே இருக்கிறது.