குதிரைக்குப் பயந்த குட்டி ஹான்ஸ்

1908-ல் வியன்னாவில் ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு பையன் தெருவில் இறங்கவே மறுத்தான். குதிரை கடித்துவிடுமாம். திரும்பிய பக்கமெல்லாம் குதிரை வண்டி ஓடிய காலம் அது.

அப்பா மாக்ஸ் கிராஃப் ஓர் இசை விமர்சகர். மனப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டின் வீட்டில் புதன்கிழமைதோறும் கூடிய குழுவில் ஒருவர். மகன் சொன்னதையெல்லாம் எழுதி ஃப்ராய்டிடம் கொடுத்து, அவர் யோசனைப்படி பையனுக்குச் சிகிச்சை செய்துவந்தார். 1909-ல் ஃப்ராய்டு அதைப் பெரிய கட்டுரையாக வெளியிட்டார். அதில் பையனின் பெயர் ஹான்ஸ்.

ஒரு ராத்திரி ஹான்ஸுக்கு இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள் தோன்றின: ஒன்று பெரியது, இன்னொன்று கசங்கியது. கசங்கியதை அவன் எடுத்துக்கொண்டான், பெரியது கத்தியது. கசங்கியது என்றால் எப்படி என்று அப்பா கேட்க, ஒரு காகிதத்தைக் கசக்கிக் காட்டினான். பெரியது நான், கசங்கியது அவன் அம்மா என்று அப்பா பொருள் கொண்டார்.

இதுதான் ஃப்ராய்டின் ஈடிபஸ் சிக்கல். அறியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்த கிரேக்கக் கதை மன்னனின் பெயர் அது. மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பையனுக்கு அம்மா தனக்கே வேண்டும்; அப்பா போட்டியாள். ஆனால் அதே அப்பா மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். பிரியமானவரையே வெறுப்பதும், அதற்கு அவர் தண்டிப்பாரோ என்று நடுங்குவதும் பிஞ்சு மனசுக்குத் தாங்காது. அதனால் அந்த வெறுப்பு, நமக்கே தெரியாமல் இயங்கும் நனவிலி மனத்துக்குள் அமுக்கப்படுகிறது. அமுங்கியது சும்மா கிடக்காது, வேஷம் மாற்றி வெளியே வரும். அப்பா மேலிருந்த பயம் குதிரை மேல் போய் உட்கார்ந்தது. குதிரையின் கண்மறைப்பும் வாயைச் சுற்றிய கறுப்பும் அப்பாவின் கண்ணாடியும் மீசையும்தான் என்றார் ஃப்ராய்டு. இதில் ஒரு சௌகரியமும் உண்டு: வீட்டிலிருக்கும் அப்பாவைத் தவிர்க்க முடியாது, தெருக் குதிரையைத் தவிர்க்கலாம். அம்மாவோடு வீட்டிலேயே இருந்துவிடலாம்!

சாமர்த்தியமான விளக்கம்தான். ஆனால் கேள்வி கேட்டவரே அப்பா, அதுவும் கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு. இந்தச் சிகிச்சையில் ஃப்ராய்டு பையனை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. பெரிய வண்டி ஒன்றை இழுத்த குதிரை விழுந்து காலை உதைத்ததைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது என்று ஹான்ஸே சொல்லியிருந்தான். அந்த அதிர்ச்சி ஒன்றே பயத்துக்குப் போதும் என்று 1960-ல் வோல்பே, ராக்மன் என்ற இரு மனநல அறிஞர்கள் வாதிட்டார்கள்.

அப்புறம் 1922-ல், 19 வயது ஹெர்பர்ட் கிராஃப் ஃப்ராய்டைப் பார்க்க வந்தார். 'நான்தான் குட்டி ஹான்ஸ்' என்றார். கட்டுரையைப் படித்தாராம், யாரோ ஒருவன் கதை போலிருந்ததாம். குதிரையும் நினைவில்லை, சிகிச்சையும் நினைவில்லை.