217 படிவம், 54 பேரின் தகவல்

இலங்கையின் கிழக்கே, வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கும் மாணவி ஒருவர், இறுதியாண்டு ஆய்வுக்கு ஓர் ஆடைத் தொழிற்சாலையைத் தெரிவுசெய்கிறார் என்று வைப்போம். தலைப்பு: சூப்பர்வைசரின் ஆதரவும் வேலையை விட்டு விலகும் எண்ணமும். கருவி, வினாக்கொத்து. தராசு கோணினால் கண்ணுக்குத் தெரியும். வினாக்கொத்து கோணினால் தெரியாது. எதைக் கொட்டினாலும் எஸ்.பி.எஸ்.எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருள் ஒரு விடையைத் தந்துவிடும்.

முதல் கோணல் மொழியில் வரும். வேலை ஈடுபாட்டை அளக்கும் உட்ரெக்ட் அளவுகோலின் ஆங்கில வாக்கியம் ஒன்றைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'வேலையில் சக்தியால் வெடிக்கிறேன்' என்று நிற்கும். படிப்பவர் சிரித்துவிட்டு நடுவில் ஏதோ ஓர் எண்ணை வட்டமிடுவார். பின்மொழிபெயர்ப்பு இதைப் பிடிக்கும் என்பார்கள்: ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பாராத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்குவது. இந்த வாக்கியத்தை அது பிடிக்காது. 'வெடிக்கிறேன்' திரும்பிப் போகும்போது மூலத்தோடு அச்சொட்டாகப் பொருந்தும்! ஐந்தாறு தொழிலாளரிடம் வாசிக்கக் கொடுத்து, "இதில என்ன கேக்குது, உங்கட சொல்லில சொல்லுங்கோ" என்று கேட்பதுதான் உண்மையான சோதனை. அம்பாறையில் சிங்களப் படிவமும் கூடப் போகும். இரண்டும் ஒன்றையே அளக்கின்றனவா என்று பார்க்காமல் இரு சராசரிகளையும் ஒப்பிடக் கூடாது.

எதிர்மறை வாக்கியம் இன்னும் வில்லங்கம். 'வேலையை விட நான் நினைப்பதில்லை' என்ற வரிக்கு, விட நினைக்காதவர் 'இல்லை, நினைக்கேல்ல' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு 'உடன்படவில்லை'யில் அடையாளமிடுவார். பதில் தலைகீழ். சரியாக நிரப்பினாலும், 5 புள்ளி அளவில் அந்த விடையை 6இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். அதை மறந்தால், வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரொன்பாக் ஆல்பா என்ற எண் சரிந்துவிடும்.

1951இல் குரொன்பாக் விளக்கிய இந்த ஆல்பா 0.7ஐத் தாண்டினால் போதும் என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். வினாக்களுக்கிடையிலான சராசரித் தொடர்பு 0.3 என்றால், மூன்று வினாவுக்கு ஆல்பா 0.56. அதே 0.3ஐ வைத்துப் பத்து வினா போட்டால் 0.81. ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டும் இந்த எண்ணை ஏற்றலாம். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

படிவத்தை யார் நீட்டுகிறார் என்பதும் அளவை மாற்றும். சூப்பர்வைசரே கொடுத்து, அவரே திரும்ப வாங்கினால், ஆதரவுக் கேள்விக்கு எல்லாரும் 4, 5 போடுவார்கள். ஒட்டிய உறையில் ஆய்வாளரே சேகரிக்க வேண்டும். ஆதரவையும் விலகும் எண்ணத்தையும் ஒரே படிவத்தில் ஒரே நேரத்தில் கேட்டால், அன்றைய மனநிலையே இரண்டையும் இணைத்துக் காட்டிவிடும். இரண்டாவதை நாலு வாரம் கழித்துக் கேட்கலாம். பெயருக்குப் பதில், தாயின் பெயரின் முதலெழுத்தும் தான் பிறந்த திகதியின் நாளும் சேர்ந்த குறியீட்டை அவர்களே எழுதட்டும்; இரு படிவமும் அதைக்கொண்டு பொருந்தும். இரண்டு பேருக்கு ஒரே குறியீடு வரக்கூடும், அதனால் தொழிற்சாலையில் அவர் வேலை செய்யும் லைனின் எண்ணையும் சேர்ப்பது நல்லது.

மாதிரியின் அளவில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கிரெஜ்சி, மோர்கன் இருவரும் 1970இல் தந்த மாதிரி அளவு அட்டவணைப்படி, மொத்தம் 500 பேர் இருந்தால் 217 பேரின் மாதிரி போதும். ஆனால் அது ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெரிவான மாதிரிக்கு உரியது. ஒரு லைனில் இருப்பவர்களுக்கு ஒரே சூப்பர்வைசர். அவர்கள் பதில்கள் ஒன்றின் சாயலில் இன்னொன்று இருக்கும். 7 லைனில் 31 பேர் வீதம் எடுத்து, அந்தச் சாயல் (0 என்றால் சாயலே இல்லை, 1 என்றால் லைனில் எல்லாருக்கும் ஒரே பதில்) 0.1 என்று கொண்டால், பெருக்கக் காரணி 1 + 30 × 0.1 = 4; 30 என்பது லைனில் ஒருவர் போக மற்றவர்கள். 217ஐ 4ஆல் வகுத்தால் 54 பேரின் தகவல்தான். 20 லைனில் 11 பேர் வீதம் 220 எடுத்தால் காரணி 2தான், 110 பேரின் தகவல் கிடைக்கும். ஒரு தொழிற்சாலையில் 20 லைன் இராவிட்டால், இரண்டாவது இடத்துக்கான அனுமதிக் கடிதத்தை முதல் மாதத்திலேயே எழுத வேண்டும்.