பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?

கோவையில் வெட் கிரைண்டர் உதிரிபாகங்கள் விற்கும் பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் கடையின் பெயர், இரண்டு தொலைபேசி எண்கள், கீழே இணையதள முகவரி. பையை மேசைமேல் நீவி விரித்து, அந்த முகவரியின்மேல் விரலை வைத்தார்.

"தம்பி, இதைத் தட்டினால் சீட்டாட்டம் வருகிறது. சேலத்து வியாபாரி ஒருவர் போன் செய்து, தொழிலை மாற்றிவிட்டீர்களா என்று கேட்கிறார்."

தட்டிப் பார்த்தேன். கிரைண்டர் கல் இருக்க வேண்டிய இடத்தில் ரம்மி விளம்பரம் சுழன்றுகொண்டிருந்தது. தளத்தை யாரோ உடைத்து நுழைந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தளத்தின் முகவரிப் பெயரான டொமைனின் பதிவு விவரத்தை எடுத்துப் பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக இயங்கிய தளம் அது. ஆனால் பதிவு தேதி என்ற இடத்தில் மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தது. பழைய பதிவு காலாவதியாகி, கேட்பாரின்றிப் பொதுவில் விழுந்து, வேறு யாரோ புதிதாகப் பதிந்துகொண்டுவிட்டார்கள். அதில் திருட்டு என்று சொல்ல எதுவும் இல்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்திருக்கிறது.

தளத்தைச் செய்துகொடுத்த இளைஞரைத் தேடிப் பிடித்தோம். இப்போது வெளிநாட்டில் வேலை. பாவம், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கல்லூரி முடித்த புதிதில் தன் பெயரில், தன் மின்னஞ்சலில், தன் கார்டில் பதிந்திருக்கிறார். ஆண்டுதோறும் புதுப்பித்துவிட்டுப் பெரியவரிடம் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். ஊர் மாறியதும் கார்டு மாறியது, பழைய மின்னஞ்சலைத் திறப்பதும் நின்றுபோனது. நினைவூட்டல்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கடைக்காரருக்கு ஒரு வரிகூட வரவில்லை. வரவும் வராது, பதிவு நிறுவனத்தின் கணக்குப்படி அந்த முகவரிக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வீடு கட்டிய கொத்தனார் பெயரில் மனைப் பத்திரத்தை எழுதிவைக்க யாரும் சம்மதிப்பதில்லை. இணையதளம் என்று வந்தால் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். என்னிடம் பழைய தளத்தைச் சீரமைக்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது வடிவமைப்பைப் பற்றி அல்ல, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். "அதெல்லாம் அந்தப் பையனுக்குத்தான் தெரியும்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

டொமைனை 'வாங்கினேன்' என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது குத்தகை. ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குப் பதியலாம், அவ்வளவுதான். டாட் காம் போன்ற பெயர்களுக்கு, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு விதிகள் வகுத்திருக்கிறது. காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு ஒரு நினைவூட்டல், ஒரு வாரம் முன்பு இன்னொன்று, முடிந்த ஐந்து நாளுக்குள் மற்றொன்று வர வேண்டும். தவறவிட்டாலும் உடனே போய்விடாது. நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகை கிடைக்கலாம். அதற்குள் கட்டினால் பெரும்பாலும் வழக்கமான கட்டணமே. அதுவும் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அப்போது அபராதம் கண்ணைக் கட்டும். கடைசியாக ஐந்து நாள் காத்திருப்பு. பிறகு யார் வேண்டுமானாலும் பதியலாம். மீட்புக் காலம் வரும் முன்பே ஏலத்தில் விட்டுவிடும் நிறுவனங்களும் உண்டு. பழைய டொமைன்களுக்கென்றே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்பது ஆண்டு வயது, வணிகக் கையேடுகளில் இருந்து வரும் இணைப்புகள், தேடுபொறியில் சேர்த்துவைத்த மதிப்பு எல்லாம் ஒரு சில்லறைக் கட்டணத்தில் அவர்கள் கைக்குப் போய்விடும்.

பெரியவர் ரம்மி விளம்பரத்தை நினைத்துக் கூசிக்கொண்டிருந்தார். எனக்கு வேறொன்று உறுத்தியது. கடையின் மின்னஞ்சலும் அதே டொமைனில்தான் இருந்தது. டொமைன் யாரிடம் இருக்கிறதோ அவர், அதன் பெயரில் எந்த மின்னஞ்சல் முகவரியையும் உருவாக்கிக்கொள்ள முடியும். வங்கிக்கோ கூரியர் கணக்குக்கோ அந்த முகவரியைக் கொடுத்திருந்தால், 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்ற பொத்தானை அழுத்தியதும் வரும் கடிதம் புதியவரின் பெட்டியில் விழும். அன்று மாலை கடையைச் சாத்தும்வரை உட்கார்ந்து, எங்கெல்லாம் அந்த முகவரி இருக்கிறது என்று தேடித் தேடி மாற்றினோம். பதினொரு இடங்கள். தளத்தைப் புதிதாக எழுப்ப நான்கு நாள்தான் ஆனது. பழைய பெயர் இன்றுவரை திரும்பவில்லை.

சின்னக் கடைகளுக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாப்டின் மின்னஞ்சல் சேவையான ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியவில்லை. நுழைவைக் கவனித்துக்கொண்ட பாஸ்போர்ட் டாட் காம் என்ற டொமைனைப் புதுப்பிக்க மைக்ரோசாப்ட் மறந்துவிட்டிருந்தது. மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் நிரலர் காரணத்தைக் கண்டுபிடித்து, தன் கார்டிலிருந்து 35 டாலர் கட்டிச் சரிசெய்தார்.

இவ்வளவு பேசும் நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

எனக்கென்று ஒரு சொந்தத் தளம் உண்டு. எழுதுவதற்காகத் தொடங்கியது, எழுதியதைவிட நோண்டியதுதான் அதிகம். முதலில் கையால் எழுதிய எச்டிஎம்எல், பிறகு வேர்ட்பிரஸ், பிறகு ஹியூகோ என்று தளம் அமைக்கும் கருவிகள் மாறின. இரண்டு முறை வீடு மாற்றியும் உள்ளே இருப்பவை பதினான்கு கட்டுரைகள். கட்டுரைச் சுருக்கத்தைக் குறிப்பிட்ட நீளத்தில் வெட்டும் ஒரு வரி நிரல், வரிக்கடைசியில் இருந்த 'பணி'யின் இகரக் குறியை உதிர்த்து 'பண' என்று நிறுத்திவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வீட்டில் யாரும் அதைப் பாராட்டவில்லை.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, டொமைனைத் தேடி வருபவற்றுக்கு வழிகாட்டும் டிஎன்எஸ் சேவையை வேறிடத்துக்கு மாற்றினேன். தளம் பளிச்சென்று திறந்தது. மின்னஞ்சலை எங்கே சேர்ப்பது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மட்டும் எடுத்துப்போக மறந்துவிட்டேன். அதிகம் பயன்படுத்தாத முகவரி என்பதால் கடிதம் வராததும் தெரியவில்லை. பதிவு நிறுவனத்திடம் நான் கொடுத்திருந்த ஒரே முகவரி அதுதான். அந்தச் சமயம் பார்த்து, கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு நிறுவனத்தில் நான் போட்டுவைத்திருந்த தானியங்கிப் புதுப்பித்தல் அதோடு செத்துப்போனது. அதைச் சொல்லும் கடிதங்கள் வழியில்லாமல் திரும்பிப் போயின.

காலாவதியான பன்னிரண்டாம் நாள் என் தங்கை செய்தி அனுப்பினாள்: "அண்ணா, உன் பக்கத்தில் ஏதோ விளம்பரம் வருகிறதே?" அவசரமாகக் கணக்கைத் திறக்கப் போனால், ஓடிபியும் அதே செத்த முகவரிக்குப் போகிறது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தியவன் நிலை. அடையாள அட்டையின் நகலை அனுப்பி, நான்தான் நான் என்று நிரூபிக்க மூன்று நாள் ஆனது. சலுகை நாட்கள் மிச்சம் இருந்ததால் வழக்கமான கட்டணத்தோடு தப்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புது வாடிக்கையாளர் வந்தால் அவரையே என் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் பெயரில், அவர் கைப்பேசி எண்ணில் கணக்குத் தொடங்கச் சொல்கிறேன். மின்னஞ்சல், அந்த டொமைனைச் சாராத வேறொரு முகவரியாக இருக்க வேண்டும். பணமும் அவர் கார்டிலிருந்தே போகட்டும். எனக்கு வேண்டியது டிஎன்எஸ் மாற்றும் அனுமதி மட்டுமே. அதையும் வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். சிலருக்கு இது அலுப்பாக இருக்கிறது. "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது" என்பார்கள். நாளைக்கு என் கார்டும் மாறும், என் ஊரும் மாறலாம் என்பேன். எங்கள் தொழிலில் சிலர் வேண்டுமென்றே தம் பெயரில் பதிந்துகொள்கிறார்கள் என்பதும் உண்மைதான். வாடிக்கையாளர் வேறு ஆளிடம் போய்விடாமல் கட்டிவைக்க இதைவிட மலிவான கயிறு இல்லை. டொமைனை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகத் தேவைப்படும் இடமாற்றக் குறியீட்டைக் கேட்டதும் அவர்கள் குரல் மாறுவதை வைத்தே கண்டுகொள்ளலாம்.

போன மாதம் அந்தக் கிரைண்டர் கடைக்குப் போயிருந்தேன். டெலிவரி வேனின் முதுகில் பழைய முகவரிமேல் ஸ்டிக்கர் ஒட்டி, புதியதை எழுதியிருந்தார்கள். மஞ்சள் பை மட்டும் இன்னும் முந்நூறு மிச்சம். பழைய முகவரியை மார்க்கரால் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த மாதக் காலண்டரில் இரண்டு தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார் பெரியவர். ஒன்றில் 'வண்டி எஃப்சி' என்று எழுதியிருந்தது. மற்றொன்றில் 'டொமைன்'.