வாரம் ஒரு மணி நேர விளையாட்டு என்ன செய்துவிடும்?

குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லையென்றால் நமக்கு முதலில் தோன்றுவது சத்துமாவும் பாலும்தான். அது தப்பில்லை, ஆனால் அது மட்டும் போதுமா? 1986-87இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகர ஏழைக் குடியிருப்புகளில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள், 9 முதல் 24 மாதம் வரை வயது. சிலருக்கு வாரம் ஒரு கிலோ பால் உணவு, சிலருக்கு வாரம் ஒரு மணி நேர விளையாட்டு, சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு இரண்டும் கிடையாது. இப்படியே இரண்டு வருடம்.

விளையாட வந்தவர்கள் டாக்டரோ டீச்சரோ இல்லை, பயிற்சி பெற்ற சுகாதார உதவியாளர்கள். கையில் பிளாஸ்டிக் பாட்டில், மூடி, துணியில் செய்த பொம்மைகள். மூடியைப் பாட்டிலுக்குள் போடுவது, வெளியே எடுப்பது, "உள்ளே", "வெளியே" என்று சொல்லிக்கொண்டே செய்வது, அவ்வளவுதான். அப்புறம் பொம்மையை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறு கொண்டுவருவார்கள்.

குழந்தையோடு விளையாடுவதைவிட, எப்படி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டுவதுதான் அவர்களுடைய முக்கிய வேலை. சத்துக் குறைந்த குழந்தை சோர்ந்து கிடக்கும், எதையும் இழுத்துப் போடாது, தொணதொணக்காது, அதனால் வீட்டில் யாரும் அதனிடம் அதிகம் பேச மாட்டார்கள், பேச்சு குறையக் குறைய மூளைக்குக் கிடைக்கும் வேலையும் குறையும். அந்தச் சுழல் உடைவது மீதி ஆறு நாளும் அம்மா பேசுவதால்தான்.

இரண்டு வருட முடிவில் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பார்த்ததில் பால் உணவும் பலன் தந்தது, இரண்டும் கிடைத்தவர்கள்தான் முன்னணியில். ஆனால் காலப்போக்கில் உணவின் பலன் தேய்ந்துபோனது, விளையாட்டின் பலன் நின்றது. 22 வயதில் விளையாட்டு கிடைத்த குழந்தைகள் அது கிடைக்காதவர்களைவிட சுமார் 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். பொருளாதார நிபுணர்கள் திரும்பிப் பார்த்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்! (என்னைக் கேட்டால் சம்பளத்தை விட்டாலும் இது செய்ய வேண்டிய காரியம்தான்.)

சரி, ஊர் முழுக்க வீடு வீடாகப் போக ஆள் எங்கே? ஒடிசா கிராமங்களில் இதே பாடத்திட்டத்தை அம்மாக்களைக் கூட்டி உட்காரவைத்துக் குழுவாக நடத்திப் பார்த்ததில், வீட்டுக்குப் போனதற்கு ஏறக்குறைய சமமான பலன் கிடைத்தது, செலவோ பல மடங்கு குறைவு. எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது என்று ஏற்கெனவே வேலை குவிந்திருக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கு இந்த வழிதான் ஓரளவு தோதுப்படும்.