பெரிய மானிட்டரும் மேசையின் ஆழமும்

பெரிய மானிட்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் அளப்பது மேசையின் நீளத்தை. 32 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 71 சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டர் நீள மேசையில் தாராளமாக உட்கார்ந்துவிடும். இடப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது போலத் தோன்றும். ஆனால் இடிப்பது வேறு பக்கம்: சுவரிலிருந்து நாம் உட்காரும் விளிம்புவரை உள்ள ஆழம்.

60 சென்டிமீட்டர் ஆழமுள்ள மேசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மானிட்டரோடு வரும் ஸ்டாண்டின் அடிப்பாகம் பொதுவாக 20 முதல் 25 சென்டிமீட்டரைப் பிடித்துக்கொள்ளும். திரை அந்த அடிப்பாகத்தின் பின்விளிம்பில் நிற்பதில்லை. நடுவிலோ சற்று முன்னாலோ நிற்கும். ஆக, சுவரிலிருந்து 15, 18 சென்டிமீட்டர் முன்னால் திரை வந்தாயிற்று. நம் கண்ணோ மேசை விளிம்புக்கு நேர் மேலே, அல்லது அதற்குக் கொஞ்சம் பின்னால். இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது சுமார் 50 சென்டிமீட்டர். எத்தனை அங்குலம் வாங்கினாலும் இந்த 50 பெரிதாக மாறப்போவதில்லை. அதனால் கணக்கை அங்குலத்தில் தொடங்காமல் இந்த 50-இல் தொடங்குவது நல்லது.

அங்குலம் என்று கடையில் சொல்வது திரையின் மூலைவிட்டம். கண்ணுக்குத் தெரிவது மூலைவிட்டமல்ல, கோணம். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள 27 அங்குலத் திரையை 50 சென்டிமீட்டரிலிருந்து பார்த்தால், இடது விளிம்பிலிருந்து வலது விளிம்புவரை அது ஏறத்தாழ 62 பாகை விரிகிறது. 32 அங்குலம் அதே தூரத்தில் 71 பாகை. அதையே 70 சென்டிமீட்டருக்குத் தள்ளி வைத்தால் 54 பாகைக்கு இறங்கிவிடும். அதாவது, தள்ளி நிற்கும் 32 அங்குலம், கிட்டத்தில் நிற்கும் 27 அங்குலத்தைவிடக் கண்ணுக்குச் சிறியது. நண்பர் வீட்டில் ஆழமான மேசையில் பார்த்து ஆசைப்பட்ட மானிட்டர், நம் மேசைக்கு வந்ததும் முகத்தில் இடிப்பதுபோல் இருப்பது இதனால்தான்.

71 பாகை என்றால் என்ன கெட்டுப்போயிற்று? விழித்திரையின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கிறது. எழுத்தைப் படிக்கும் அளவுக்குக் கூர்மையான பார்வை அங்கே மட்டும்தான். அது ஒரு நேரத்தில் பிடிப்பது ஏறக்குறைய 2 பாகை. 50 சென்டிமீட்டர் தூரத்தில் அது ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் அகலம்! திரை முழுவதும் தெளிவாகத் தெரிவதாக நாம் நினைப்பது, கண் இங்கும் அங்கும் தாவித் தாவிச் சேர்த்த துண்டுகளை மூளை ஒட்டவைத்துக் காட்டுவதால். இந்தத் தாவல் நடுவிலிருந்து 15, 20 பாகைக்குள் இருக்கும்வரை கண்ணே பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் கழுத்தும் சேர்ந்து திரும்ப வேண்டும். 50 சென்டிமீட்டரில் இருபுறமும் 20 பாகை என்பது திரையில் சுமார் 36 சென்டிமீட்டர். 71 சென்டிமீட்டர் அகலத்தில் பாதிதான் கண்ணின் பங்கு. மீதிப் பாதி கழுத்தின் பங்கு.

இது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஓரத்தில் எப்போதாவது எட்டிப்பார்க்கும் சன்னல்களை வைத்துக்கொள்பவருக்கு அந்தப் பாதி வரம்தான். ஆனால் முழுத்திரையில் விளையாடுபவர், நீளமான அட்டவணைகளில் வேலை செய்பவர் நாள் முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார்.

தட்டைத் திரையில் இன்னொன்றும் நடக்கிறது. 34 அங்குல அகலத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள்: உயரம் 27 அங்குல மானிட்டரின் உயரமேதான், அகலம் மட்டும் 80 சென்டிமீட்டர். நடுப்புள்ளி கண்ணிலிருந்து 50 சென்டிமீட்டரில் இருக்கும்போது விளிம்பு 64 சென்டிமீட்டரில் இருக்கும். தூரம் கூடுவது மட்டுமல்ல, விளிம்பை நாம் 39 பாகை சாய்வாகப் பார்க்கிறோம். இரண்டும் சேர்ந்து, ஓரத்திலுள்ள எழுத்து கண்ணில் விரியும் அகலம், நடுவிலுள்ள அதே எழுத்தின் அகலத்தில் 60 சதவீதத்துக்குக் குறுகிவிடுகிறது. மூளை இதைச் சரிக்கட்டிக்கொள்வதால் எழுத்து ஒடுங்கியதாகத் தோன்றாது. படிக்கச் சிரமம் மட்டும் இருக்கும், காரணம் புரியாமலே.

வளைந்த திரை இங்கேதான் உதவிக்கு வருகிறது. 1800ஆர், 1000ஆர் என்று போட்டிருப்பது வளைவின் ஆரம், மில்லிமீட்டரில். 1000ஆர் திரையை நீட்டிக்கொண்டே போய் முழு வட்டமாக்கினால் அதன் மையம் 1 மீட்டரில் இருக்கும். அந்த மையத்தில் கண் இருந்தால்தான் திரையின் எல்லாப் பகுதியும் சம தூரம். 50 சென்டிமீட்டரில் உட்காருகிறவருக்கு அந்தச் சமம் கிடைக்காது, ஆனாலும் கணிசமான பலன் உண்டு: அதே 34 அங்குலத்தில் விளிம்பின் தூரம் 64-இலிருந்து 57 சென்டிமீட்டருக்கு வருகிறது, சாய்வு 39 பாகையிலிருந்து 20-க்கு இறங்குகிறது. விலையாக, ஓரங்கள் 8 சென்டிமீட்டர் முன்னால் வந்து மேசையில் இடம் பிடிக்கும். 1800ஆர் என்றால் முன்னுக்கு வருவது நாலரை சென்டிமீட்டர்தான். பலனும் அதற்கேற்பக் குறைவு. 27 அங்குலத்தில் வளைவு வெறும் அலங்காரம் என்பது என் கணிப்பு. நேர்கோடு நேராகத் தெரிய வேண்டிய வரைபட வேலைக்காரர்கள் எந்த அளவிலும் வளைவைத் தவிர்ப்பது நல்லது.

சாய்வைப் பற்றிப் பேசும்போது பேனல், அதாவது படத்தைக் காட்டும் தகடு, எந்த வகை என்பதையும் பார்த்துவிட வேண்டும். விஏ, ஐபிஎஸ் என்பவை அதில் இரண்டு வகைகள். விஏ பேனலில் நேர்ப்பார்வையில் கறுப்பு நன்றாக இருக்கும். அதன் கான்ட்ராஸ்ட் விகிதம் (கறுப்பைவிட வெள்ளை எத்தனை மடங்கு வெளிச்சம் என்பது) பொதுவாக 3000-க்கு 1, ஐபிஎஸ்ஸில் சுமார் 1000-க்கு 1. சாய்வாகப் பார்த்தால் கதை மாறுகிறது. விஏ பேனலின் அடர்நிறங்கள் வெளிறிப்போகும். கிட்ட உட்காருகிறவருக்கு நாற்காலியை விட்டு நகராமலே ஓரங்கள் சாய்வுதானே! அப்படியானால் பெட்டியில் '178 பாகை பார்வைக் கோணம்' என்று போட்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். கான்ட்ராஸ்ட் 10-க்கு 1 ஆகக் குறையும்வரை உள்ள கோணத்தையெல்லாம் அந்தக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். 10-க்கு 1 என்பது பஞ்சடைந்த படம். அந்த எண்ணைப் பார்த்து யாரும் எதையும் தீர்மானிக்க வேண்டாம். சின்ன மேசைக்குப் பெரிய தட்டைத் திரை என்றால் ஐபிஎஸ். விஏ மேல் ஆசை இருந்தால் வளைந்ததாக எடுங்கள்.

அடுத்தது பிக்சல், அதாவது திரையில் படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளி. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குவரை பிரித்தறியும். 50 சென்டிமீட்டரில் அது 0.145 மில்லிமீட்டர். பிக்சல் இதைவிடப் பெரிதாக இருந்தால், எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டு போன்ற சொரசொரப்பைக் கண் பிடித்துவிட வாய்ப்புண்டு. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட 27 அங்குலத்தில் ஒரு பிக்சல் 0.31 மில்லிமீட்டர்: இரண்டு மடங்குக்கும் மேல். இவ்வளவு கிட்டத்தில் அதை வைப்பது காசைக் கொடுத்துக் கண்ணுறுத்தலை வாங்குவது. 2560 × 1440 என்றால் 0.23, பலருக்கும் போதும். ஆனால் அதே 2560 × 1440-ஐ 32 அங்குலத்தில் வாங்கினால் பிக்சல் 0.277-க்கு ஊதிவிடும். சாதாரண 24 அங்குல 1080 மானிட்டரின் பிக்சலும் அதே 0.277தான்; இடம் கூடும், கூர்மை ஒரு துளியும் கூடாது. 4கே (3840 × 2160) திரையில் 27 அங்குலத்துக்கு 0.156, 32 அங்குலத்துக்கு 0.185. இரண்டும் எல்லைக்குப் பக்கத்தில் வருகின்றன. அறை சின்னது, அதனால் குறைந்த பிக்சல் போதும் என்று சிலர் நினைப்பது நேர்த்தலைகீழ். கிட்டப் போகப் போகத்தான் பிக்சல் அதிகம் வேண்டும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். 27 அங்குல 4கே திரையை அப்படியே பயன்படுத்தினால் எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். எல்லோரும் 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கித்தான் வைப்பார்கள். அப்போது கிடைக்கும் வேலையிடம் 2560 × 1440 அளவுதான். கூடுதல் பிக்சல்கள் எழுத்தைச் செதுக்கப் போய்விடுகின்றன, புதிய இடம் தருவதில்லை. அப்புறம், மடிக்கணினியில் பழைய எச்டிஎம்ஐ 1.4 துளை மட்டும் இருந்தால் 4கே-க்கு நொடிக்கு 30 படங்கள்தான் போகும்; சுட்டி இழுபடும்.

உயரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருப்பது வசதி. உட்கார்ந்த நிலையில் மேசைப் பரப்பிலிருந்து கண்வரை பலருக்கு 45 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். 32 அங்குலத் திரையின் உயரமே 40; கீழே இடைவெளி சேர்த்தால் எல்லையைத் தொட்டுவிடும். 43 அங்குலத்துக்கு 53 சென்டிமீட்டர், கேட்கவே வேண்டாம். மேல்நோக்கிப் பார்க்கும்போது இமை அகலத் திறக்கும், கண்ணீர்ப் படலம் சீக்கிரம் ஆவியாகிக் கண் உலரும். நாற்பது வயதுக்கு மேல் புரோகிரசிவ் கண்ணாடி போடுபவர்கள் பாடு இன்னும் மோசம். கிட்டத்தில் உள்ளதைப் பார்ப்பதற்கான பகுதி கண்ணாடியின் அடியில் இருப்பதால், திரையின் மேல்பாதியைப் படிக்கத் தாடையைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் மடக்க வேண்டும். இவர்களுக்கு உயரமான திரையைவிட 34 அங்குல அகலத்திரை பொருத்தம்.

சரி, அந்த 50 சென்டிமீட்டரை நீட்ட வழியே இல்லையா? ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு ஆர்மில், அதாவது மேசை விளிம்பைக் கிளாம்பால் கவ்விக்கொண்டு மானிட்டரைத் தாங்கும் மடங்கு கையில், மாட்டலாம். மானிட்டரின் முதுகில் 75 அல்லது 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால் பெரும்பாலான ஆர்ம்கள் பொருந்தும். எடையை மட்டும் சரிபாருங்கள். ஆர்ம் நீளும் தூரம் கூடக்கூட கிளாம்ப் மேசை விளிம்பைத் திருகும் விசையும் கூடுகிறது. கண்ணாடி மேசையில் மாட்டவே வேண்டாம்.

ஆர்ம் வாங்கியும் ஏமாறுகிறவர்கள் உண்டு. ஆர்முக்கு முழங்கை மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது. மானிட்டரைப் பின்னுக்குத் தள்ளினால் அந்த மூட்டு மடங்கிப் பின்னால் நீட்டும். மேசை சுவரை ஒட்டியிருந்தால் சுவரில் முட்டி நின்றுவிடும், திரை பழைய இடத்திலேயே இருக்கும். கிளாம்பைத் திரைக்கு நேர் பின்னால் மாட்டாமல் ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டினால், மூட்டு சுவருக்கு இணையாகப் பக்கவாட்டில் மடங்கும். இப்படி 10 சென்டிமீட்டர் மிச்சமானால் 32 அங்குலத் திரை 71-இலிருந்து 61 பாகைக்கு வருகிறது. அது 50 சென்டிமீட்டரில் 27 அங்குலம் தரும் கோணத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஒயர்கள் முதுகில் நேராகச் செருகும் மாடலானால், பிளக்கும் அதன் வளைவும் அந்த மிச்சத்தில் நாலைந்து சென்டிமீட்டரைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். துளைகள் கீழ்நோக்கி இருக்கின்றனவா என்று மானிட்டரின் பின்பக்கப் படத்தை வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.