லெப்டோஸ்பைரோசிஸ்: எலிக்காய்ச்சலில் நாய் எங்கே?

வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு நாயைக் கூட்டி வருபவர்களின் தடுப்பூசி அட்டையைப் பார்த்தால், ஊசியின் பெயர் பல நேரம் 'எல்' என்ற எழுத்தில் முடியும். அந்த 'எல்'தான் லெப்டோஸ்பைரா, லெப்டோஸ்பைரோசிஸ் நோயைத் தரும் கிருமி. நாய் வளர்ப்பவர்கள் வாயில் அது 'லெப்டோ'.

லெப்டோஸ்பைரோசிஸ் என்ற சொல்லில் கிரேக்கமும் லத்தீனும் கலந்திருக்கின்றன. 'லெப்டோஸ்' என்றால் கிரேக்கத்தில் மெல்லியது. அதன் பழைய பொருள் உமி நீக்கியது, தோல் உரித்தது. உரித்தல் என்ற அதே வேரிலிருந்துதான் 'லெப்ரசி'யும் வந்தது. 'லெப்டோ' என்றதும் தொழுநோயோ என்று பதற வேண்டாம், வேர்தான் ஒன்று, நோய் வேறு. 'ஸ்பைரா' என்பது சுருள், 'ஓசிஸ்' நோய்நிலை. 1907-ல் இந்தக் கிருமியைச் சிறுநீரகத் திசுவில் பார்த்த ஸ்டிம்சன், வளைந்த முனை கேள்விக்குறி போலிருக்கிறதே என்று 'இன்டெரோகன்ஸ்' எனப் பெயரிட்டார்.

1886-ல் இந்த நோயின் கடுமையான வடிவத்தை விவரித்த ஜெர்மானியர் அடால்ஃப் வைல். அவர் பெயரால் 'வைல் நோய்' என்றும் சொல்வார்கள். சிலர் அதை 'வெயில் நோய்' என்று எழுதிவிடுகிறார்கள். மழைத்தண்ணீரில் நடந்து வாங்கிக்கொள்ளும் நோய்க்கு இப்படி ஒரு பெயர்!

சரி, தமிழில்? எலிக்காய்ச்சல். எலிக்கு வரும் காய்ச்சல் அல்ல, எலியால் வரும் காய்ச்சல். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. எலி பெரும்பாலும் நோயில்லாமலேயே கிருமியைச் சுமந்து சிறுநீரில் விடுகிறது. ஆகவே இலக்கணமும் மருத்துவமும் ஒத்துப்போகின்றன. ஆனால் அந்த 'ஆல்' எலியோடு நின்றுவிடுகிறது. நாய், மாடு, பன்றியின் சிறுநீரிலும் இதே கிருமி வரும், கால் புண் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உள்ளே போகும். 'கனிகோலா' என்று நாயின் பெயரிலேயே ஒரு வகை உண்டு. கார்த்திகை மழையில் தெருத்தண்ணீரை மிதித்து வந்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், "வீட்டில் எலி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது.

என்னைக் கேட்டால் நோய்க்கு எலிக்காய்ச்சலே இருக்கட்டும், மக்கள் நாவில் ஏறிய சொல். கிருமிக்கு மட்டும் 'மென்சுருளி' என்று வைக்கலாம். லெப்டோஸ், ஸ்பைரா இரண்டும் அதில் வந்துவிடும். அப்புறம் ஒன்று: எலி கடித்து வரும் எலிக்கடிக் காய்ச்சல் முற்றிலும் வேறு நோய். நடுவில் ஒரு 'கடி'தான் வித்தியாசம்.